முன்வாசல் வழியாகப் போனவை

கரமனை,
3 ஜூலை 2025

திருமதி ரோஸ் அவர்களுக்கு,

ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாய் ஏன் திடீரென்று உணவைத் தொட மறுக்கிறது? எனக்குத் தெரியவில்லை. கால்நடை மருத்துவருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் விஜயலக்ஷ்மி. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். உங்கள் நாய்ப் பண்ணை மூடப்பட்டபோது காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டவற்றில் ஒன்று, மஞ்சள் லாப்ரடார், பெண், இடது காதில் பழைய கிழிசல் உள்ளது, சென்ற மாதம் முதல் என் வீட்டில் இருக்கிறது. காப்பகத்தில் உங்கள் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் கொடுத்தார்கள். பண்ணையைப் பற்றிய வீடியோ பரவிய பிறகு நீங்கள் யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை என்றும் சொன்னார்கள். எனவே கடிதம். குறை சொல்வதற்காக எழுதவில்லை. குறை இல்லை என்றும் சொல்லவில்லை.

நாய் வளர்க்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. கூண்டுகளில் விரிக்கப் பழைய செய்தித்தாள் வேண்டும் என்று காப்பகத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு கட்டு கொண்டுபோனேன். மற்ற நாய்கள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று குரைத்தன. இது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. விசேஷ வீடுகளில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருப்பேன். செய்தித்தாளைக் கொடுத்துவிட்டு நாயோடு வீடு திரும்பினேன்.

நடு அறையில் என் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் அறைக்குள் வந்தால் மூச்சைக்கூட அடக்கிக்கொள்ளும். ஆனால் சாப்பிட்டது. எங்கள் அக்ரஹாரத் தெருவில் வீடுகள் வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே நேராக நீளும். பிராணிகளுக்குச் சோறு கொல்லையில்தான். அங்கே தயிர்சாதம் வைத்துவிட்டு நான் உள்ளே வந்தால், அது போய்த் தின்றுவிட்டு வரும்.

பிறகு வீட்டில் சாமான்கள் காணாமல் போயின. ஒரு ரப்பர் செருப்பு, பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நார், போர்டு துடைக்கும் டஸ்டர், ஒரு துண்டு. எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தன. வயிற்றை வளைத்து, அவற்றை உள்ளே வைத்துக்கொண்டு படுத்திருந்தது. செருப்பை நக்கிக்கொண்டிருந்தது. மடியில் பால் கட்டியிருந்தது. காப்பகத்துக் கால்நடை மருத்துவர் டாக்டர் மாளவிகா வந்து பார்த்து, இது பொய்க் கர்ப்பம், குட்டி போட்டதாக உடம்பு தன்னையே நம்பவைத்துக்கொள்கிறது, ஹார்மோன்தான் காரணம், அந்தப் பொருள்களை அப்புறப்படுத்தினால் சில நாளில் சரியாகும் என்றார்.

அப்படியே செய்தேன். கடையில் விற்கும் கோழி இறைச்சிப் பாக்கெட் ஒன்றை வாங்கிக் கொல்லையில் வைத்துக் கூப்பிட்டேன். அது தின்றுகொண்டிருக்கையில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வாசல் வழியாகக் கொண்டுபோய், எதிர்வீட்டு சிவகாமியம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எந்தக் கலவரமும் இல்லை.

மறுநாளிலிருந்து அது சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்கிறது. கையில் வைத்து நீட்டினால் இரண்டு கவளம். உயிரோடு இருக்க அது போதும், தேறப் போதாது. இறைச்சியின் ருசி கண்டதால் சாதம் பிடிக்கவில்லை என்பது என் ஊகம். உங்களிடம் இது என்ன சாப்பிட்டது? எப்படிக் கூப்பிட்டீர்கள்? பதினாறாம் தேதி காப்பகத்து வண்டி வரும். அதற்குள் தானாகச் சாப்பிடாவிட்டால், என் வீடு இதற்கு ஒத்துவரவில்லை என்று திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அங்கே போனால் இது பிழைக்குமா என்பதில் டாக்டருக்கே சந்தேகம்.

இப்படிக்கு,
வி. விஜயலக்ஷ்மி


பாறசாலை,
6 ஜூலை 2025

டீச்சர் அவர்களுக்கு ரோஸ் எழுதுவது.

உறையைப் பார்த்ததும் கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்துவிட்டோம். எங்கள் வீட்டுக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஏட்டி, பிரிக்காத. எவளாவது திட்டி எழுதியிருப்பா."

"போன்ல திட்டுகவ எதுக்கு ஸ்டாம்பு ஒட்டித் திட்டணும்? அதுக்குத் துட்டுல்லா ஆகும்" என்று சொல்லித்தான் பிரித்தேன்.

குறை சொல்லவில்லை, குறை இல்லை என்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தவர்கள் திட்டுவது இப்படித்தான் போலிருக்கிறது. சரி. அந்த வீடியோ எடுத்த அன்றைக்கு விடிய விடிய மழை. கூடு கழுவ முடியவில்லை. அந்த ஒரு காலையைத்தான் ஊரே பார்த்தது. லைசென்ஸ் இல்லை என்பது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு நாயும் எங்களிடம் பட்டினி கிடந்ததில்லை.

அவள் பெயர் சாராள். எல்லாப் பெண் நாய்க்கும் வேதத்திலிருந்துதான் பெயர் வைத்திருந்தேன். ரெபேக்காள், லேயாள், எஸ்தர். காப்பகத்தில் நம்பர் போட்டுக் கொடுத்தார்களாமே, நாங்கள் அப்படிச் செய்ததில்லை. காதுக் கிழிசல் கட்டுக்கம்பியில் மாட்டியது. நான்தான் மஞ்சள் பத்துப் போட்டேன்.

தயிர்சாதம் என்று வாசித்ததும் வீட்டுக்காரருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. "லாப்ரடாரைச் சைவத்துல சேக்கப் பாக்காவளோ டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கோழிக் காலும் தலையும் சந்தையில் வாங்கிச் சோற்றோடு வேகவைத்துப் போடுவோம். அதுதான் அவளுக்கு. ஊகம் எல்லாம் வேண்டாம். ஒரு தடவை கோழி வாசம் பிடித்த நாய்க்கு மோர்ச்சோறு எப்படி இறங்கும்? நல்ல கோழியாக வாங்கி வேகவைத்துப் போடுங்கள். சத்தம் போடாமல் கூப்பிடுங்கள், "சாராளே, வாட்டி" என்றால் போதும்.

அப்படியும் தின்னவில்லை என்றால் காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டாம். எனக்குக் கொடுங்கள். தொழில் போய்விட்டது, அவளை வைத்து இனி எனக்கு ஒரு காசு வரப்போவதில்லை. ஆனாலும் என்னிடம் அவள் தின்றாள். உங்களிடம் தின்னவில்லை.

இதை ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள்.

ரோஸ்


கரமனை,
9 ஜூலை 2025

ரோஸ் அவர்களுக்கு,

நான் ஃபேஸ்புக்கில் இல்லை.

நேற்று நடந்ததை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். என்ன பொருள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கோழிக்கடைக்கு நானே போனேன். கடைக்காரர் என்னிடம் படித்த மலையாளி. "டீச்சரோ! வழி தெற்றிப் போயோ?" என்று, வழி தவறி வந்துவிட்டேனோ என்பதுபோல் கேட்டார். நாய்க்கு என்றேன். அவர் நம்பவில்லை. "ஆயிக்கோட்டே, ஞான் ஆரோடும் பறயில்லா" என்று ரகசியம் காப்பதாகச் சொல்லிக் கறுப்புப் பையில் கட்டித் தந்தார்.

அடுக்களையில் வைக்க மனம் வரவில்லை. கொல்லையில் கல்லின் மேல் இண்டக்ஷன் அடுப்பை வைத்து, நீள ஒயரை இழுத்து, குடை பிடித்துக்கொண்டு வேகவைத்தேன். மழை வாசனையை அமுக்கிவிடும் என்று நினைத்தேன். எதிர்வீட்டிலிருந்து சிவகாமியம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏண்டி விஜி, கோழியாக்கும்?"

"நாய்க்கு மாமி."

"உனக்குன்னு சொன்னாத்தான் நான் மயங்கி விழணும். நன்னா வேகட்டும். எலும்பு தொண்டையில சிக்கிக்கப் போறது." மூக்கைப் பொத்திக்கொண்டே அடுப்பின் சூட்டைக் குறைத்துவிட்டுப் போனார்.

எலும்பு நீக்கி, ஆறவைத்து, சோற்றில் பிசைந்து, கொல்லைப் படியில் வைத்தேன். நீங்கள் சொன்னபடியே பெயரைச் சொன்னேன். சாராள் என்றதும் காது நிமிர்ந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அது என் முகத்தைப் பார்த்தது. எழுந்து வந்தது. கொல்லைக் கதவுவரை வந்தது.

அங்கே வாசனை பிடித்ததும் நின்றது. நடுக்கம் காலிலிருந்து தொடங்கி முதுகில் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு திரும்பி ஓடியது. பயந்த நாய் ஓடுவதைப் போல ஒளிய ஓடவில்லை. கட்டிலுக்கு அடியில் நுழைந்து ஒவ்வொரு மூலையையும் முகர்ந்தது. வெளியே வந்து கூடத்தை, அலமாரியின் அடியை, மடித்து வைத்த பாயை முகர்ந்தது. கடைசியில் வாசல் கதவுக்குப் போய், கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்துவிட்டது. அப்படியே படுத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. மூடிய வாய்க்குள்ளிருந்து வரும் மெல்லிய சத்தம், நடுநடுவே நின்று, பதில் வருகிறதா என்று கேட்பதுபோல.

நான் கரண்டியோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். இங்கே 'தேடியது' என்று எழுதினேன், அடித்துவிட்டேன். ஒரு நாயின் மனதுக்குள் எதையும் ஏற்றிச் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் அதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை. தேடியது.

ஆகவே என் ஊகமும் தவறு, உங்கள் யோசனையும் தவறு. இதற்குக் கோழி பிடிக்காமல் இல்லை. கோழியைக் கண்டு பயப்படுகிறது. வெறும் சாதம் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதே தவிர நடுங்கவில்லை. நல்ல உணவைக் கண்டு நடுங்கும்படி உங்கள் பண்ணையில் என்ன நடந்தது? அடித்தீர்களா? மருந்து கலந்தீர்களா? மழுப்பாமல் எழுதுங்கள். விலா எலும்பு தெரிகிறது.

உங்களிடம் தருவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

வி. விஜயலக்ஷ்மி


பாறசாலை,
12 ஜூலை 2025

டீச்சருக்கு,

அடிக்கவில்லை. மருந்தும் கலக்கவில்லை. அப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டீர்களே. வீட்டுக்காரர் பதில் போடாதே என்றார். இரண்டு நாள் போடாமல்தான் இருந்தேன்.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் இல்லையா. அது எனக்குத் தெரிந்த சத்தம். அதை வாசித்ததும் கடிதத்தை மடித்து மிக்ஸியின் அடியில் வைத்துவிட்டேன். பிறகு எடுத்து வாசித்தேன். அந்தச் சத்தத்தை அவள் போடுவது குட்டி போன பிறகு.

எங்கள் முறையைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள் தப்பா என்று. குட்டி சோறு நக்கத் தொடங்கும் பருவத்தில் வாங்குகிறவர்கள் காரில் வருவார்கள். தாய்க்கு முன்னால் குட்டியில் கை வைத்தால் கடித்துவிடும். மற்ற பண்ணைகளில் தாயைச் சங்கிலியில் கட்டிப்போட்டு, அவள் பார்க்கப் பார்க்கவே தூக்கிக் கொடுப்பார்கள். தாய் கழுத்தை அறுத்துக்கொள்ளும் அளவுக்கு இழுக்கும். நான் என் பண்ணையில் அப்படிச் செய்ய விட்டதில்லை. கோழி ஈரல் வாங்கி வேகவைத்து, பின்னால் கிணற்றடியில் வைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவள் தின்னும்போது வீட்டுக்காரர் முன் கேட் வழியாகக் குட்டிகளைக் கொடுத்துவிடுவார். இழுபறி இல்லை, கடி இல்லை. வயிறாவது நிறைந்திருக்கட்டும் என்றுதான் ஈரல். மற்ற நாளில் யார் நாய்க்கு ஈரல் வாங்குகிறார்கள்?

முதல் இரண்டு ஈத்துக்கும் சாராள் வந்து தின்றாள். மூன்றாவது ஈத்தில், ஈரல் அடுப்பில் கொதிக்கும்போதே குட்டிகளின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். இரண்டு பேராக அவளைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஈத்துக்கும் அப்படித்தான். மொத்தம் ஆறு ஈத்து. ஈரலைத் தொடவே மாட்டாள். "நல்லது போட்டா இவளுக்கு இறங்காதுட்டி, பிறவி அப்படி" என்பார் வீட்டுக்காரர். நானும் சிரிப்பேன். பிடிவாதக்காரி என்று நினைத்தேன். குட்டி போனதும் கேட்டின் அடியில் மூக்கை வைத்துக்கொள்வாள். சில நாள் அங்கேயே கிடப்பாள். பிறகு எழுந்து சோறு தின்பாள். மற்ற நாய்களும் கொஞ்சம் தேடும், மறந்துவிடும். அவளும் மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டோம்.

மழுப்பாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். இதில் அவளைக் கொடுமைப்படுத்தினது எங்கே என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்றும் தோன்றுகிறது.

ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா? கரமனைப் பாலத்தில் இறங்கினால் நடந்து வந்துவிடலாம். அவளைத் தொட மாட்டேன். தூரத்தில் நின்றால் போதும்.

ரோஸ்


கரமனை,
15 ஜூலை 2025

அன்புள்ள ரோஸ்,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கல்லூரிக்குப் புறப்படும் நேரத்தில் கொடுத்தார். பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினேன். வேலைக்குச் சேர்ந்தபின் வகுப்பைத் தவறவிட்டது இன்றுதான்.

நான் செய்ததை உங்களுக்கே எழுதியிருந்தேன். நீங்களும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கொல்லையில் இறைச்சி வைத்துக் கூப்பிட்டேன், உங்கள் ஈரல் வாசனை அதில் இல்லாததால் அது நம்பி வந்தது. அது தின்னும்போது வாசல் வழியாக எடுத்துப் போனேன். உங்கள் முறையை நான் அறியாமலே அப்படியே செய்திருக்கிறேன். நீங்கள் கருணை என்று நினைத்துச் செய்தீர்கள், நான் சிகிச்சை என்று நினைத்துச் செய்தேன். சாப்பிட வைக்கிறேன் என்று கோழியை இன்னும் வாசனையாக வேகவைத்தேன். நம் இருவர் வீட்டிலும் அதற்குக் கிடைத்த மிக நல்ல உணவின் பொருள் ஒன்றுதான்.

ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவுக்கு வராதே என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். இந்த நாய் ஆறு ஈத்து பார்த்திருக்கிறது. என் பாக்கெட்டையும் சேர்த்தால் ஏழு. ஏழும் ஒரே விடை. நான் வைத்திருந்த தரவைவிட அதன் தரவு நல்லது. கட்டிலுக்கு அடியில், யாரும் கேட்காமல், அது தன் முடிவுக்கு வந்து, பசியோடு அதில் நின்றிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு என்னவோ செய்கிறது. பெரிய கோவிலில் கூட்டம் இல்லாத நேரத்தில் நுழைந்தால் தோன்றுவது போன்ற ஒன்று. நான் கோவிலுக்கு அதிகம் போகிறவளில்லை.

நேராக எதிர்வீட்டுக்குப் போய்ப் பையைக் கேட்டேன்.

"செருப்புப் பையா? பின்னாடி கிரில்ல தொங்கறது. நாய் கவ்வினதை ஆத்துக்குள்ள வைக்கறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்றார் சிவகாமியம்மாள். பிறகு, "துண்டை மட்டும் சோப்புப் போட்டுத் தோச்சு வெச்சிருக்கேன். நல்ல துண்டாச்சேன்னு" என்றார்.

சாராள் வாசல் கதவுக்குப் பின்னால்தான் கிடந்தது. கதவை மெல்லத் தள்ளித் திறந்தேன். எடுத்துப்போன வழியிலேயே உள்ளே வந்து, அதன் கண் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். செருப்பு. நார். டஸ்டர். துண்டு.

அது எழுந்திருக்கவில்லை. மூக்கு மட்டும் வேலை செய்தது. வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு செருப்பை வாயில் எடுத்தது. பல் படாமல், உதட்டால் எடுப்பதுபோல எடுத்தது. கட்டிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு நாருக்கு வந்தது. பிறகு டஸ்டருக்கு. துண்டை முகர்ந்து விட்டுவிட்டுப் போய்விட்டது. சோப்பு வாசனைதான் காரணம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, அதையும் இழுத்துக்கொண்டு போனது.

அது செருப்பைக் குட்டி என்று நம்புகிறதா? எனக்குத் தெரியாது. தெரிந்தே செய்கிறது என்றால் அது இன்னும் பெரிய விஷயம். ஒன்று மட்டும் சொல்வேன், அதற்கு உங்கள் கடிதமே ஆதாரம். எடுத்துப்போன ஒன்று திரும்பி வந்தது அதன் வாழ்நாளில் இன்றுதான்.

டாக்டர் மாளவிகாவிடம் போனில் சொன்னேன். பொருள்கள் இருக்கும்வரை பால் வற்றாது, அது உடம்புக்கு நல்லதில்லை என்றார். அவர் சொல்வது சரி. சாப்பிடாமல் இருப்பதும் உடம்புக்கு நல்லதில்லையே என்றேன். நாளைக் காலை வண்டி வரும், மாற்ற முடியாது, பார்க்கலாம் என்றார்.

இன்று முழுவதும் அது எந்த உணவையும் தொடவில்லை. உங்களை வரச் சொல்வதா என்று யோசித்தேன். இப்போது வேண்டாம். உங்கள் குரலோடு ஈரலும் அந்த முன் கேட்டும் அதற்குச் சேர்ந்தே நினைவிருக்கும். கோபத்தால் சொல்லவில்லை. முன்பு கோபம் இருந்தது. நானும் அதையே செய்துவிட்ட பிறகு யாரிடம் கோபப்படுவது?

விஜயலக்ஷ்மி

16 ஜூலை

உறையை ஒட்டவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் சோற்றில் கொஞ்சம் கோழி கலந்து கொல்லைப் படியில் வைத்தேன். கூப்பிடவில்லை. வாசல் கதவை உள்ளே தாழிட்டேன். அதன் கண்ணில் படும்படி கூடத்தின் நடுவில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாராள் கட்டிலைவிட்டு வந்து என்னைப் பார்த்தது. கொல்லைக் கதவுவரை போய்த் திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தது. மறுபடி போனது. மறுபடி திரும்பி வந்தது. மூன்றாவது தடவை படியில் இறங்கி, தட்டில் இருந்தது முழுவதையும் தின்றது. நான் அசையவில்லை.

உள்ளே வந்தது. கட்டிலுக்கு முன்னால், பூஜை அறைக்கு ஒரு கை தூரத்தில், வயிறு குலுங்க நின்று, தின்றதை எல்லாம் செருப்புக்கு முன்னால் வாந்தி எடுத்தது. துணி எடுக்க எழுந்தேன். அப்போது அது இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றது. மூக்கால் செருப்பைச் சோற்றின் பக்கம் மெல்லத் தள்ளியது. டஸ்டரையும் தள்ளியது. மறுபடி பின்னால் போய், தலையைத் தாழ்த்திக் காத்திருந்தது.

ஜன்னலில் சிவகாமியம்மாளின் குரல் கேட்டது. "ஏண்டி, பூஜை அறை வாசல்ல..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். பிறகு மெல்ல, "பகவானே, அது ஊட்டறதுடி" என்றார்.

சோறு நக்கும் பருவத்தில் குட்டிகள் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு தாய் செய்ய வேண்டியதை, தின்றதைக் கக்கிக் குட்டிக்குக் கொடுப்பதை, செய்ய அதற்கு ஒரு தடவையும் வாய்க்கவில்லை. யாரும் கற்றுத்தரவும் இல்லை. நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதை நக்க யாரும் வரவில்லை. அது காத்துப் பார்த்தது. பிறகு முன்னால் வந்து, தானே அந்தச் சோற்றை முழுவதும் தின்று, தரையையும் நக்கிவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. இந்தத் தடவை சோறு வயிற்றில் நின்றது.

ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. டிரைவர் இறங்காமலே, சாப்பிட்டதா என்று மலையாளத்தில் கேட்டார்: "கழிச்சோ டீச்சரே?"

"கழிச்சு" என்றேன்.

அவர் மழையில் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனார்.